மூணு நாளைக்கு ஒரு பொறந்த நாள்!

மே மாசம். மதியம் ரெண்டு மணி. திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் போற ரோடு. முன்னால ஒரு கன்டெய்னர் லாரி, பின்னால ஒரு கன்டெய்னர் லாரி, நடுவுல உங்க பஸ். நகரவே மாட்டேங்குது. ஜன்னல் கம்பியைத் தொட்டா கை சுடுது. பக்கத்து சீட்டுப் பெரியவர் ஈரத்துண்டைத் தலையில போட்டுக்கிட்டு, "சூரியன் இன்னும் எவ்ளோ கிட்டக்க வரும் தம்பி?"னு புலம்பறார்.

சிரிக்காதீங்க. அது சூப்பர் கேள்வி! ஒரு பிரமாண்டமான கோளைத் தூக்கிட்டுப் போய், அதோட சூரியனுக்குப் பக்கத்துல, கிட்டத்தட்ட அடுப்பு மேலயே உட்கார வெச்சா என்ன ஆகும்? கற்பனை இல்லை பாஸ், நிஜமாவே அப்படி ஒண்ணு இருக்கு. ஒண்ணு இல்லை, நூத்துக்கணக்குல இருக்கு. அதுல ஒண்ணைக் கண்டுபிடிச்சது நம்ம நாட்டு ஆளுங்க.

பேரு டி.ஓ.ஐ-1789பி. தூரம் சுமார் 725 ஒளியாண்டு. நம்ம வியாழன் மாதிரி ஒரு ராட்சச வாயு உருண்டை. ஆனா வியாழன் சூரியனை ஒருமுறை சுத்தி வர கிட்டத்தட்ட 12 வருஷம் எடுத்துக்கும். இந்தப் பார்ட்டி தன்னோட நட்சத்திரத்தை 3.2 நாள்ல சுத்தி முடிச்சிடுது! அதாவது, அங்கே மூணு நாளைக்கு ஒரு தடவை ஹேப்பி பர்த்டே. உங்களுக்கு இப்போ 20 வயசுன்னா, அந்தக் கணக்குல 2,270-ஐத் தாண்டியிருக்கும். ட்ரீட் கேக்கற ஃப்ரெண்ட்ஸை நினைச்சுப் பாருங்க... சொத்தே அழிஞ்சிடும்!

சூடு? சுமார் 1,700 டிகிரி செல்சியஸ். இரும்பு 1,538 டிகிரியிலயே உருகிடும். துறைமுகத்துல அடுக்கி வெச்சிருக்கற கன்டெய்னர் பெட்டி ஒண்ணை அங்கே இறக்கினா, பெட்டி கூழ்தான். நம்ம சூரியக் குடும்பத்துல சூரியனுக்கு ரொம்ப நெருக்கமான புதன், சுமார் 5.8 கோடி கி.மீ. தள்ளி இருக்கு. இது தன் நட்சத்திரத்துலேர்ந்து முக்கால் கோடி கி.மீ.கூட இல்லை!

இந்த வகைக் கோள்களுக்கு விஞ்ஞானிகள் வெச்ச செல்லப் பேர், 'ஹாட் ஜுபிடர்'. தமிழ்ல சொல்லணும்னா, சுடு வியாழன்.

'அதெல்லாம் சரி... 725 ஒளியாண்டு தள்ளி இருக்கற கோளுக்கும் ராயபுரத்துல இருக்கற எனக்கும் என்ன சம்பந்தம்?'னு கேக்கறீங்களா? இருக்கு. அதைக் கண்டுபிடிச்ச வித்தையில பாதி உங்க ஏரியாவுலயே இருக்கு. காதையும் கண்ணையும் மூக்கையும் தீட்டிக்கிட்டு வாங்க!

இருக்கவே கூடாத ஆளு!

முதல்ல ஒரு விஷயம். இப்படி ஒரு கோள் இருக்கவே கூடாது. பாடப் புத்தகம் அப்படித்தான் சொல்லிச்சு. நட்சத்திரத்துக்குப் பக்கத்துல பயங்கர சூடு. அங்கே பனிக்கட்டி தாங்காது. கோள் கட்டறதுக்கான சரக்கு கம்மி. அதனால பக்கத்துல பூமி, செவ்வாய் மாதிரி பொடிசுங்கதான் உருவாகும். வியாழன், சனி மாதிரி குண்டு ஆளுங்க தூரத்துல, குளிர்ல உருவாவாங்க. நம்ம வீடு அப்படித்தானே இருக்கு? எல்லா வீடும் அப்படித்தான் இருக்கும்னு நம்பினாங்க.

ஆட்டோ ஸ்ட்ருவேனு ஒரு விஞ்ஞானி, 1952-லயே 'நட்சத்திரத்துக்கு ரொம்பப் பக்கத்துலயும் பெரிய கோள்கள் இருக்கலாமே... தேடிப் பார்த்தா என்ன?'னு எழுதினார். பெரிசா யாரும் கண்டுக்கலை.

கட் பண்ணினா... 1994. பிரான்ஸ் நாட்டோட ஓட் ப்ரோவான்ஸ் வானாய்வுக்கூடம். டிடியே கெலோனு ஒரு பிஹெச்.டி. மாணவர். அவரோட கைடு மிஷேல் மேயர் வெளிநாட்டுல இருந்த நேரம். 51 பெகாசிங்கற நட்சத்திரத்தோட அளவுகள் முன்னுக்குப் பின் முரணா வருது. பையனுக்கு வியர்த்துடுச்சு. 'போச்சுடா! நாம எழுதின சாஃப்ட்வேர்லதான் ஏதோ தப்பு'னு நினைச்சார். ப்ராஜெக்ட் வைவாவுக்கு முன்னாடி நாள் ப்ரோக்ராம் எரர் காட்டறப்ப உங்களுக்கு வருமே, அதே பயம்!

ஆனா அவர் அந்த டேட்டாவைத் தூக்கிக் குப்பையில போடலை. திரும்பத் திரும்ப அளந்தார். திரும்பத் திரும்ப ஒரே பதில். 4.2 நாளைக்கு ஒருமுறை சுத்தற, வியாழன்ல ஏறக்குறைய பாதி எடையுள்ள ஒரு கோள்! ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து, அந்த நட்சத்திரம் மறுபடியும் ராத்திரி வானத்துக்கு வர்ற 1995 ஜூலை வரைக்கும் காத்திருந்து, இன்னொரு தடவை சரிபார்த்து, அக்டோபர்ல உலகத்துக்குச் சொன்னாங்க. சூரியன் மாதிரியான ஒரு நட்சத்திரத்தைச் சுத்தற முதல் புறக்கோள். 2019-ல் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு!

கவனிங்க. புத்தகம் சொன்னதுக்கும் கருவி சொன்னதுக்கும் சண்டை வந்தப்ப, அந்த மாணவர் சட்டுனு யார் பக்கமும் சாயலை. மறுபடியும் அளந்தார். அவ்வளவுதான் விஷயம்.

காது: ராயபுரம் ரயில் சொல்ற ரகசியம்

அளந்தார் அளந்தார்னா எதை அளந்தார்? கோளை இல்லை. கோள் கண்ணுக்கே தெரியாது. ஃப்ளட் லைட்டுக்குப் பக்கத்துல பறக்கற கொசு மாதிரி, நட்சத்திர வெளிச்சத்துல அது காணாமப் போயிடும். அளந்தது நட்சத்திரத்தை.

ஒரு குட்டிப் பையனோட ரெண்டு கையையும் பிடிச்சு வட்டமா சுத்திப் பாருங்க. அவன் பெரிய வட்டம் போடறான். நீங்களும் நின்ன இடத்துல லேசா ஆடறீங்க இல்லையா? அதே கதைதான். கோள் சுத்தறப்ப, நட்சத்திரமும் லேசா ஆடும். நம்மளை நோக்கிக் கொஞ்சம் வரும், அப்புறம் விலகிக் கொஞ்சம் போகும்.

அது வருதா போகுதானு எப்படித் தெரியும்? ராயபுரம் ஸ்டேஷன் பக்கம் நின்னு கண்ணை மூடிக்குங்க. நிக்காமப் போற ரயில் ஹாரன் அடிச்சுக்கிட்டே வருது. கிட்டக்க வர்றப்ப கீச்சுனு இருக்கற சத்தம், தாண்டிப் போனதும் சட்டுனு கனமா இறங்கிடும். கண்ணைத் திறக்காமலே வண்டி வருதா, போகுதானு சொல்லிடுவீங்க. இதுதான் டாப்ளர் விளைவு. 1845-ல் நெதர்லாந்துல ஓடற ரயில்ல ட்ரம்பெட் வாசிக்கறவங்களை ஏத்திவிட்டு இதை நிஜமாவே சோதிச்சுப் பார்த்தாங்க. பதினோரு வருஷம் கழிச்சு, 1856 ஜூலை 1-ம் தேதி, தென்னிந்தியாவோட முதல் பயணிகள் ரயில் கிளம்பினது நம்ம ராயபுரத்துலேர்ந்துதான்!

சத்தத்துக்கு நடக்கறதுதான் வெளிச்சத்துக்கும் நடக்குது. நட்சத்திரம் நம்மளை நோக்கி வந்தா, அதோட வெளிச்சம் நீலப் பக்கம் துளி நகரும். விலகினா சிவப்புப் பக்கம். அந்தத் துளியை அளந்தா வேகம் தெரியும்.

வேகத்துல இருக்கு சுவாரஸ்யம். நம்ம வியாழன், சூரியனை நொடிக்குச் சுமார் 12.5 மீட்டர் வேகத்துல ஆட்டுது. அதாவது மணிக்கு 45 கி.மீ. காலியான ரோட்டுல டவுன் பஸ் போற வேகம். பூமி ஆட்டறது நொடிக்கு வெறும் 9 செ.மீ. தவழற குழந்தையே முந்திடும்! ஆனா 51 பெகாசி நட்சத்திரத்தை அந்தச் சுடு வியாழன் ஆட்டறது மணிக்கு 200 கி.மீ. அதனாலதான் அது முதல்ல மாட்டிச்சு. பெரிய உடம்பு, பக்கத்து வீடு, பெரிய ஆட்டம்.

டி.ஓ.ஐ-1789பி மாட்டினதும் இப்படித்தான். அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தோட டெலஸ்கோப் ராஜஸ்தான்ல, மவுன்ட் அபு மலையோட குரு சிகரத்துல இருக்கு. 1.2 மீட்டர் அகலக் கண்ணாடி. உலக அளவுல சின்னதுதான். அதோட 'பாரஸ்'ங்கற நிறமாலைக் கருவியைச் சேர்த்திருக்காங்க. வெளிச்சத்தைப் பிரிச்சு அளக்கற கருவி. சூடு மாறினா அளவு மாறிடுமே? அதனால காத்தே இல்லாத வெற்றிடத்துல, நூறுல ஒரு டிகிரி அளவுக்கு மேல வெப்பநிலை மாறாம அதைப் பொத்திப் பொத்தி வெச்சிருக்காங்க. 2020 டிசம்பர்லேர்ந்து 2021 மார்ச் வரை அந்த நட்சத்திரத்தை அளந்தாங்க. டீமுக்குத் தலைவர் பேராசிரியர் அபிஜித் சக்ரவர்த்தி. கட்டுரையோட முதல் பேர் யாருது தெரியுமா? அகாங்க்ஷா கண்டேல்வால்ங்கற ஆராய்ச்சி மாணவி!

கண்: காசிமேட்டுப் படகு

காது கேட்டாச்சு. இப்போ கண்ணு.

ராத்திரி காசிமேடு பக்கம் நின்னு கடலைப் பாருங்க. துறைமுகத்துக்குள்ள நுழைய இடம் இல்லாம, தூரத்துல நங்கூரம் போட்டுக் காத்திருக்கற கப்பல்களோட விளக்கு வரிசையா தெரியும். திடீர்னு அதுல ஒரு விளக்கு மங்கி, மறுபடி பளிச்சுனு ஆகுது. என்ன புரிஞ்சுப்பீங்க? நடுவுல ஒரு படகு போயிருக்கு. படகு கண்ணுக்குத் தெரியலை. ஆனா போனது தெரியும். எவ்வளவு நேரம் மறைச்சதுனு பார்த்தா, அது பெருசா சிறுசானுகூட ஒரு கணக்குப் போடலாம்.

கோள் தன் நட்சத்திரத்துக்கு முன்னால குறுக்கே போறப்பவும் இதேதான். வெளிச்சம் ஏறக்குறைய நூத்துல ஒரு பங்கு குறையும். 1999-ல் டேவிட் சார்போனோங்கற ஹார்வர்ட் ஆராய்ச்சி மாணவரும் அவர் டீமும், முதன்முதலா ஒரு சுடு வியாழன் இப்படிக் குறுக்கே போறதைப் பிடிச்சாங்க. டெலஸ்கோப் எவ்வளவு பெரிசு? 10 செ.மீ. அகலம். நம்ம டிபன் பாக்ஸ் மூடி சைஸ்!

இப்போ இந்த வேலையை விண்வெளியிலேர்ந்து டெஸ்ங்கற நாசா செயற்கைக்கோள் 2018-லேர்ந்து பார்க்குது. 'இங்கே ஏதோ குறுக்கே போகுது, கவனிங்கப்பா'னு அது கைகாட்டற ஆளுங்களுக்குத்தான் டி.ஓ.ஐ-னு ஆரம்பிக்கற நம்பர்.

காது எடையைச் சொல்லும். கண்ணு சைஸைச் சொல்லும். ரெண்டையும் சேர்த்தா அடர்த்தி. இங்கேதான் பெரிய காமெடி! டி.ஓ.ஐ-1789பி-யோட எடை வியாழன்ல 70 சதவிகிதம்தான். ஆனா சைஸ், வியாழனைப் போல 1.4 மடங்கு. சூட்டுல பூரி மாதிரி உப்பியிருக்கு. அதோட அடர்த்தி, தண்ணியோட அடர்த்தியில மூணுல ஒரு பங்குகூட இல்லை. அதைத் தாங்கற அளவுக்கு ஒரு கடல் இருந்தா, கட்டுமரம் மாதிரி மிதக்கும்.

அதே மவுன்ட் அபு டீம் 2023-ல் அறிவிச்ச டி.ஓ.ஐ-4603பி அப்படியே உல்டா. சைஸ் ஏறக்குறைய வியாழன் அளவுதான். எடை 13 வியாழன்! அடர்த்தி ஈயத்தைவிட அதிகம். நங்கூரம் மாதிரி நேரா அடிக்குப் போயிடும்.

இந்த ரெண்டாவது ஆளுகிட்டதான் ஒரு முக்கியமான க்ளூ இருக்கு. 7 நாளைக்கு ஒரு சுத்து. ஆனா சுத்தற பாதை வட்டமா இல்லை, நீள்வட்டமா இருக்கு. ஏன் இது முக்கியம்? சுடு வியாழன்கள் பிறந்த இடம் இது இல்லைனு இப்போ பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பறாங்க. தூரத்துல குளிர்ல பிறந்து, அப்புறம்தான் உள்ளே இடம்பெயர்ந்து வந்திருக்கணும். ஆரம்பத்துல நட்சத்திரத்தைச் சுத்தியிருக்கற வாயுத் தட்டு மெள்ள உள்ளே தள்ளியிருக்கலாம். இல்லைன்னா, இன்னொரு கோளோ நட்சத்திரமோ இழுத்துவிட்டுப் பாதை கோணலாகி, ஒவ்வொரு சுத்துலயும் நட்சத்திரத்தை உரசிட்டுப் போய், கொஞ்சம் கொஞ்சமா வட்டமா சுருங்கியிருக்கலாம். டி.ஓ.ஐ-4603பி-யோட கோணல் பாதையைப் பார்த்தா, அது இன்னும் அந்தப் பயணத்துல பாதி வழியில இருக்கற மாதிரி தெரியுது. மூட்டை முடிச்சோட வீடு மாறிக்கிட்டு இருக்கறப்பவே கேமராவுல சிக்கின கோள்!

பிறந்த ஊர் ஒண்ணு, பொழைக்க வந்த ஊர் ஒண்ணு. நம்ம பேட்டைக்கு இது புதுக்கதையா என்ன?

வந்து செட்டிலான பிறகு இன்னொரு கொடுமை. நட்சத்திரத்தோட ஈர்ப்பு இறுக்கிப் பிடிச்சு, கோளோட ஒரே முகம்தான் எப்பவும் அதைப் பார்த்துக்கிட்டு இருக்கும். திருப்பிப் போடாத தோசை. ஒரு பக்கம் விடியாத ராத்திரி, மறு பக்கம் அஸ்தமிக்காத மே மாசம்.

மூக்கு: கால்வாய் வாசம் 64 ஒளியாண்டு தாண்டி!

கடைசியா மூக்கு. இதுக்கு நம்ம ஏரியா ஆளுங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. பக்கிங்காம் கால்வாய்ப் பாலத்தைத் தாண்டறப்ப, கர்ச்சீஃபைத் தேட வைக்கற அந்த அழுகின முட்டை வாசம் தெரியுமில்லையா? அதுக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. கழிவுநீர் அழுகினா வரும். கச்சா எண்ணெயிலயும் இருக்கும்.

2024-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் அதே வாயுவை ஒரு சுடு வியாழன் மேல கண்டுபிடிச்சது! ஹெச்.டி 189733பி-ங்கற கோள். சுமார் 64 ஒளியாண்டு தூரம். பார்க்க அழகான நீல நிறம். ஆனா கிட்டப் போனா மணிக்கு 8,000 கி.மீ.க்கு மேல காத்து. அந்தக் காத்துல கண்ணாடித் துகள் மழை பக்கவாட்டுல அடிக்கும்னு கணிக்கறாங்க. கூடவே அழுகின முட்டை வாசம். வர்ற லீவுக்கு அங்கே டூர் வேண்டாம்!

2022-ல் இன்னொரு கோள், வாஸ்ப்-39பி. சுமார் 700 ஒளியாண்டு தூரம். அதோட காத்துல அகப்பட்டது கந்தக டை ஆக்சைடு. நிலக்கரி எரிச்சா புகைக்கூண்டு வழியா வர்ற அதே வாயு. அங்கே நிலக்கரி இல்லை. நட்சத்திரத்தோட ஒளியே ரசாயன வேலை பார்த்து அதைத் தயாரிக்குது. புறக்கோள் ஒண்ணுல அப்படி ஒரு வேலை நடக்கறதுக்குக் கிடைச்ச முதல் ஆதாரம் அதுதான்.

அவ்வளவு தூரத்து வாசம் எப்படித் தெரியுது? துறைமுகத்துல ஒவ்வொரு கன்டெய்னருக்கும் ஒரு தனி நம்பர் எழுதியிருக்கும். பெட்டியைத் திறக்காமலே நம்பரை வெச்சு அது யாரோடதுனு சொல்லிடலாம். ஒவ்வொரு வாயுவுக்கும் அப்படி ஒரு நம்பர் இருக்கு. அது வெளிச்சத்துல சில குறிப்பிட்ட நிறங்களை மட்டும் விழுங்கிடும். கோள் குறுக்கே போறப்ப, அதோட காத்து வழியா வடிகட்டி வர்ற வெளிச்சத்துல எந்தெந்த நிறம் காணோம்னு பார்த்தா, உள்ளே என்ன வாயுனு தெரிஞ்சிடும்.

இப்போ கொஞ்சம் சீரியஸா ஒரு விஷயம்.

2023 டிசம்பர் 26, நடுராத்திரி நேரம். எண்ணூர்ல கடலுக்கு அடியில போற ஒரு குழாய்லேர்ந்து அமோனியா கசிஞ்சது. பெரியகுப்பமும் சுத்தி இருக்கற குப்பங்களும் கண்ணெரிச்சலும் மூச்சுத் திணறலுமா விழிச்சு எழுந்தது. குழந்தைங்களைத் தூக்கிக்கிட்டு ஜனங்க ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. பலரை ஆஸ்பத்திரியில சேர்க்க வேண்டியதாச்சு. படுத்துத் தூங்கினவங்களை எழுப்பினது எந்தக் கருவியும் இல்லை. அவங்க மூக்குதான்.

யோசிச்சுப் பாருங்க. 700 ஒளியாண்டு தள்ளி இருக்கற காத்துல கந்தகம் இருக்குனு சொல்ல முடியுது. நம்ம தெருக் காத்துல இந்த நிமிஷம் என்ன இருக்குனு சொல்றதுக்கும் அதே வித்தைதான். வாயு விழுங்கற நிறத்தைப் பார்த்து அளவைச் சொல்ற கருவிகள் பூமியிலயும் இருக்கு. 2017-லேர்ந்து ஒரு ஐரோப்பிய செயற்கைக்கோள் இதே முறையில உலகம் முழுக்கக் கந்தக டை ஆக்சைடையும் நைட்ரஜன் டை ஆக்சைடையும் தினமும் அளந்துக்கிட்டு இருக்கு. அந்த டேட்டா யார் வேணும்னாலும் எடுத்துப் பார்க்கறதுக்கு இலவசம். ஆனா எடுத்துப் பார்க்க ஆள் வேணுமே? இந்தக் காத்தை தினம் சுவாசிக்கறவங்க வீட்டுலேர்ந்தே அந்த ஆள் வந்தா எப்படி இருக்கும்?

'வானவியல் படிச்சு என்ன சோறு போடப் போகுது?'னு யாராவது கேட்டா, இந்தப் பத்தியைக் காட்டுங்க.

மெட்ராஸ்ல வந்த முதல் அறிவிப்பு!

'இதெல்லாம் வெள்ளைக்கார ஊர்ல, மலை உச்சியில நடக்கற வேலை. நம்ம ஊர்ல...?'னு இழுக்கறீங்களா? இதோ ஒரு ஷாக்.

வேற நட்சத்திரத்துக்கு ஒரு கோள் இருக்குனு அளவு எடுத்து, கணக்குப் போட்டு, கட்டுரை எழுதி அறிவிச்ச ஆரம்ப கால முயற்சிகள்ல ஒண்ணு நடந்தது நுங்கம்பாக்கத்துல! வருஷம் 1855.

கடல் பயணத்துக்கு நட்சத்திரக் கணக்கு வேணும், சரியான நேரம் வேணும். அதுக்காக கிழக்கிந்தியக் கம்பெனி 1792-ல் நுங்கம்பாக்கத்துல கட்டினது மெட்ராஸ் வானாய்வுக்கூடம். இப்போ வானிலை ஆய்வு மையம் இருக்கற அதே வளாகம். தமிழ் உள்பட பல மொழிகள்ல கல்வெட்டு செதுக்கின அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னும் அங்கே நிக்குது. அந்தக் கூடத்தோட தலைவரா இருந்தவர் கேப்டன் டபிள்யூ.எஸ்.ஜேக்கப். 70 ஒஃபியூக்கிங்கற இரட்டை நட்சத்திரம் ஒண்ணை ஒண்ணு சுத்தற பாதை கணக்குப்படி வரலைனு அவர் கவனிச்சார். 'கண்ணுக்குத் தெரியாத ஒரு கோள் இழுக்குது போல'னு எழுதினார்.

தப்பு! அங்கே அப்படி ஒரு கோள் இல்லை. அவர் சொன்ன மாதிரி ஒரு கோள் இருக்க முடியாதுனு பின்னாடி வந்த கணக்குகள் காட்டிடுச்சு. அந்தக் காலத்துக் கருவியோட பிழை, நிஜ ஆட்டத்தைவிட ரொம்பப் பெரிசு.

ஆனா அவர் யோசனையைக் கவனிங்க. 'கோளைப் பார்க்க முடியாது, அது நட்சத்திரத்தை இழுக்கறதைப் பார்க்கலாம்.' இதே அடிப்படையிலதான் 140 வருஷம் கழிச்சு கெலோவும் மேயரும் ஜெயிச்சாங்க. யோசனை ரெண்டு இடத்துலயும் சரி. அளவுதான் ஒரு இடத்துல சரி, ஒரு இடத்துல தப்பு. லேப்ல 'எர்ரர் எவ்வளவு வந்துச்சு?'னு சார் நச்சரிக்கறப்ப கடுப்பாகாதீங்க. ஒரு கோள் இருக்கறதும் இல்லாமப் போறதும் அந்த ஒரு வரியிலதான் இருக்கு!

அந்த நுங்கம்பாக்கம் கூடத்தோட வாரிசுதான் இன்னிக்கு இருக்கற இந்திய வான் இயற்பியல் நிறுவனம். தலைமையகம் பெங்களூருல. அவங்களோட காவலூர் வானாய்வுக்கூடம், திருப்பத்தூர் மாவட்டத்துல, ஜவ்வாது மலையில இருக்கு. 1977-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைச்சப்ப, வெளிச்சம் கூடுதலா சில தடவை மங்கினதைப் பதிவு செஞ்ச இடங்கள்ல காவலூரும் ஒண்ணு. அப்படித்தான் யுரேனஸுக்கு வளையம் இருக்கறது தெரிஞ்சது. அதே காசிமேட்டு விளக்கு டெக்னிக்!

பேர் வெச்சது ஸ்டூடன்ட்ஸ்!

இன்னொரு ஜில் மேட்டர். இந்தியா பேர் வெச்ச சுடு வியாழன் ஒண்ணும் இருக்கு. 2006-ல் கண்டுபிடிச்ச கோள். சிம்ம ராசி நட்சத்திரங்களுக்குக் கீழே, சுமார் 340 ஒளியாண்டு தூரத்துல இருக்கு. 2.1 நாளைக்கு ஒரு சுத்து. 2019-ல் சர்வதேச வானியல் கழகம் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதோட கோளையும் கொடுத்து 'பேர் வைங்க'னு சொன்னப்ப, நமக்கு வந்தது இதுதான். நட்சத்திரத்துக்கு 'பிபா'. அணுத்துகள் ஆராய்ச்சியில பெரிய வேலை செஞ்சும், வாழ்ந்த காலத்துல பெரிசா கவனிக்கப்படாத கொல்கத்தா விஞ்ஞானி பிபா சவுத்ரியோட பேர். கோளுக்கு 'சந்தமஸா'. மேகம் சூழ்ந்ததுனு அர்த்தம். நட்சத்திரத்தோட பேரைச் சொன்னது சூரத்ல படிச்ச ஒரு காலேஜ் மாணவர். கோளோட பேரைச் சொன்னது புனேயைச் சேர்ந்த 13 வயசுப் பள்ளிக்கூடப் பையன்!

சரி, நீங்க எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?

ஒண்ணு. கையில ஒரு கம்ப்யூட்டர், இல்லைன்னா காலேஜ் லேப் போதும். டெஸ் செயற்கைக்கோளோட டேட்டா மொத்தமும் இலவசம். 'லைட்கர்வ்'ங்கற பைத்தான் தொகுப்பும் இலவசம். டி.ஓ.ஐ-1789-னு தேடி, வெளிச்சம் 3.2 நாளைக்கு ஒருமுறை குறையறதை நீங்களே வரைஞ்சு பார்க்கலாம். பி.எஸ்ஸி. ப்ராஜெக்டுக்கு அருமையான தலைப்பு. பைத்தான் தெரியாதா? 'ப்ளானட் ஹன்டர்ஸ் டெஸ்' தளத்துல கண்ணால பார்த்தே கோள் தேடலாம்.

ரெண்டு. சனிக்கிழமைகள்ல பொதுமக்களை காவலூர்ல அனுமதிக்கறது வழக்கம். போன் பண்ணிக் கேட்டுட்டு, கேங்கா கிளம்புங்க. ஹைமாஸ்ட் விளக்கு இல்லாத வானம் எப்படி இருக்கும்னு அங்கே தெரியும்.

மூணு. பிசிக்ஸ் படிக்கறவங்க எம்.எஸ்ஸி.க்கு 'ஜாம்' தேர்வையும், ஆராய்ச்சிக்கு 'ஜெஸ்ட்', 'நெட்' தேர்வுகளையும் குறிச்சு வெச்சுக்குங்க. இந்திய அறிவியல் கழகத்தோட கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகைக்கு காலேஜ் மாணவர்களும் அப்ளை பண்ணலாம். இங்கிலீஷ் தடுமாறினாலும் பரவாயில்லை. மாத்ஸ் தடுமாறக் கூடாது. எலெக்ட்ரானிக்ஸ், மெக்கானிக்கல், கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளுங்களுக்கும் இடம் உண்டு. 'பாரஸ்' மாதிரி கருவியைக் கட்டறதும் ஓட்டறதும் இன்ஜினீயர்கள் இல்லாம நடக்காது.

இதுவரைக்கும் கண்டுபிடிச்ச புறக்கோள்கள் 6,000-ஐத் தாண்டியாச்சு. 1995-ல், இருக்கவே கூடாத இடத்துல இருந்த ஒண்ணை, தன் மேலயே சந்தேகப்பட்டு, ஆனா விடாம அளந்த ஒரு மாணவர்லேர்ந்து வேகம் எடுத்த கணக்கு இது. 'அந்த ஏரியாவுலேர்ந்தா விஞ்ஞானி வரப் போறான்?'னு யாராவது உங்களைக் கேட்டா, கோபப்படாதீங்க. சுடு வியாழனையும் அப்படித்தான் சொன்னாங்க. 'அந்த இடத்துல கோளா? சான்ஸே இல்லை!'

பஸ் இன்னும் நகரலையா? பக்கத்து சீட்டுப் பெரியவர் மறுபடியும் வெயிலைத் திட்ட ஆரம்பிச்சிருப்பார். மெதுவா அவர் காதுல சொல்லுங்க: "தாத்தா, 725 ஒளியாண்டு தள்ளி ஒரு ஊர் இருக்கு. அதுக்கு நம்ம எண்ணூர் எவ்வளவோ தேவலை!"